பெறாமகனின் சப்பாத்து

2009 ஓகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பது. மாடியிலிருந்து இறங்கும்போது முதலில் கண்ணில் பட்டது ஒரு முதுகு. கடைசிப் படியில் என் பெறாமகன் உட்கார்ந்திருந்தான். தெற்கு லண்டனில், சட்டனில் இருக்கும் எங்கள் வீட்டின் படிக்கட்டு ஒடுக்கமானது. அவனுடைய தோள்கள் சுவரிலிருந்து கைப்பிடி வரை அதை அடைத்துக்கொண்டிருந்தன. வலது காலில் சப்பாத்துப் போட்டு முடித்திருந்தான். இடது சப்பாத்து மடியில் இருந்தது. அதன் நாடாவைக் கடைசித் துளை வரை உருவித் தளர்த்தி, நாக்கை முன்பக்கம் மடித்து, வாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டுப் பை கதவோரம் ஆயத்தமாக இருந்தது. சப்பாத்துத் தட்டில் என் கணவரின் கறுப்பு வேலைச் சப்பாத்தைக் காணவில்லை.

முதுகு, சப்பாத்து, பை, தட்டில் இருந்த வெற்றிடம். இந்த ஒழுங்கில்தான் அன்று அவற்றைப் பார்த்தேன். இப்போது எழுத உட்காரும்போதும் அதே ஒழுங்கில்தான் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் செய்தியாளராகத் தொடங்கி, லண்டனில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பகுதிநேரமாக வேலை செய்து முடித்தவள் நான். கண்ணில் பட்டதை முதலில் எழுது, மனதில் பட்டதை இடமிருந்தால் எழுது என்பார் எங்கள் செய்தி ஆசிரியர். அந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. யார் எந்தக் கதிரையில் இருந்தார், எந்தக் கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தார் என்பதெல்லாம் கேட்காமலே மனதில் பதிந்துவிடும். “உன்னை வைச்சுக்கொண்டு வீட்டிலை ஒரு கிளாஸ் உடைக்கேலாது” என்று என் கணவர் வந்தவர்களிடம் பகிடியாகச் சொல்வார். அந்தக் கண்ணுக்கும் தப்பிய ஒன்றைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

அக்காவின் மகனை எங்கள் பக்கத்தில் பெறாமகன் என்போம். அவனுக்கு நான் சின்னம்மா, என் கணவர் சித்தப்பா. ரொறன்ரோவில் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். நாங்கள் பேசும் தமிழ் முழுவதும் அவனுக்கு விளங்கும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும், முன்னும் பின்னும் ஒரு சின்னம்மாவையோ சித்தப்பாவையோ சேர்த்துக்கொண்டு. அவன் கூடைப்பந்து விளையாடுகிறான் என்று அக்கா முதன்முதலில் சொன்னபோது அவள் குரலில் இருந்தது பெருமை அல்ல, ஒரு முறைப்பாடு. பாடசாலை அணி அவனை இரண்டு வருடம் எடுக்கவில்லை. அப்போது கட்டையாக இருந்தான். பிறகு ஒரே கோடையில் வளர்ந்தான். அக்கா காற்சட்டை வாங்கி வாங்கிக் களைத்துப்போனாள். கல்லூரி அணியில் இடம் கிடைத்தது, அங்கே ஒரு பயிற்றுநர் அவனில் எதையோ கண்டார். பெரிய லீக்குக்குத் தான் போகமாட்டேன் என்று அவனுக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. அதைச் சொல்லும்போது அவனிடம் வருத்தம் இருக்கவில்லை. பெரிய லீக்கில் எடுபடாதவர்களுக்காக உலகம் முழுவதும் சின்ன லீக்குகள் இருக்கின்றன, அதில் விளையாடிச் சம்பளம் வாங்கிச் சீவிக்கலாம் என்பதை நான் அவனிடம்தான் அறிந்தேன். எங்கள் குசினி மேசையில் உப்புப் போத்தலையும் கரண்டிகளையும் வைத்து விளக்கினான். இந்த நாட்டுக் கழகங்கள் வெளிநாட்டு ஆட்டக்காரரை அளவுக்கு மேல் எடுக்க முடியாது. லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு கழகத்தில் அப்படியான ஒரேயொரு இடம் மிச்சம் இருந்தது. கரண்டிகளைத் தள்ளிவிட்டு உப்புப் போத்தலை நடுவில் வைத்தான். அதுதான் அந்த இடம்.

அந்த இடத்துக்கான தெரிவுப் பயிற்சி அந்தத் திங்கட்கிழமை காலையில். அவனுடைய பயிற்றுநர் அனுப்பிய ஒளிப்பதிவைப் பார்த்துவிட்டுக் கழகம் வரச்சொல்லியிருந்தது. தகப்பனுக்கு அவன் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்: கோடை முடிவதற்குள் ஒப்பந்தம் ஒன்று கையில் வராவிட்டால் பந்தை வைத்துவிட்டுக் கணக்கியல் படிக்கப் போவான். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், அந்த வாக்கைத் தொலைபேசியில் எனக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டினார், சாட்சிக்கு ஆள் வைப்பதுபோல. ஆக, அந்தத் திங்கட்கிழமைக்கு அப்பால் அவனுக்கு வேறு திங்கட்கிழமை இல்லை. புறப்படும்போது பயிற்றுநர் அவனிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லியிருந்தார். தெரிவு முடியும்வரை எங்கேயும், யாருடனும், விளையாட்டாகக்கூட ஓர் ஆட்டம் ஆடக்கூடாது.

அவன் வந்து இறங்கியதிலிருந்து என் கணவரின் நடை மாறியது. இவர் ஒரு பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர். ஊரில் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் விளையாடியவர். இறுதிப் போட்டி ஒன்றில் கடைசி நேரத்தில் பந்து இவர் கையில் இருந்தது என்றும் அது வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தது என்றும் கலியாணம் முடித்த கிழமையிலேயே எனக்குச் சொன்னார். மற்றப் பள்ளிக்கூடம் வென்றது. அந்த இரண்டு பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்களும் லண்டனில் ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஒரு மண்டபம் எடுத்து விளையாடுவார்கள். தொந்தி வைத்த கணக்காளர்களும் கடைக்காரர்களும் பின்னேரம்வரை ஓடி, அடுத்த கிழமை ஏழு நாளும் முதுகுக்கு எண்ணெய் பூசுவார்கள். இவருடைய பக்கம் ஒருமுறையும் வென்றதில்லை.

பெறாமகனையும் என்னையும் தமிழ்க் கடைகள் நிறைந்த டூட்டிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு மரக்கறி வாங்க வேண்டும் என்பது சாட்டு. கடை வாசல்களில் நின்று நின்று போனார். “ஆர் அண்ணை இது, தென்னம்பிள்ளைக்கு ஊத்தின மாதிரி ஊத்தி வளத்திருக்கிறியள்?” என்று மீன் கடைக்காரர் கேட்டார். “எங்கட பெடியன். கனடாவிலை புறொபெஷனல்” என்றார் இவர். “நொட் யெற், சித்தப்பா” என்று அவன் மெல்லச் சொன்னான். “அது வரும், வரும்” என்று இவர் அவன் முதுகில் தட்டினார். தட்டுவதற்குக் கையை உயர்த்த வேண்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் காருக்குள் வைத்துத்தான் முதன்முறை கேட்டார்: ஞாயிற்றுக்கிழமை எங்கட ஆக்களோடை சும்மா ஒரு கை போடுவியோ? அவன் பயிற்றுநர் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். அவன் மறுபடி மன்னிப்புக் கேட்டான். மூத்தவர்களுக்கு இல்லை என்று சொல்வது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. முதலாவது தடவையைவிட இரண்டாவது தடவை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அந்த வருடம் போட்டியே வேண்டாம் என்று பழைய மாணவர் சங்கத்தில் பலர் சொல்லியிருந்தார்கள். ஏப்ரலிலும் மேயிலும் ஊரில் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் எல்லோரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். இவர் ஷிப்ட் முடிந்து சீருடையோடேயே வந்து நிற்பார். மே முடிந்த பிறகு எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பல கிழமைகள் ஓடவில்லை. யாரும் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. போட்டியை நிறுத்தக்கூடாது என்று கூட்டத்தில் எழும்பிப் பேசியவர் இவர்தான். “எல்லாத்திலையும் தோத்துப்போய் இருக்கிறம். சனம் ஒரு நாளைக்காவது ஒண்டாய் இருந்து கை தட்டட்டும்” என்றார். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் இங்கே எழுத வேண்டும்.

போட்டிக் கிழமையின் நடுவில் ஓர் இரவுச் சாப்பாட்டில், புட்டைக் குழைத்துக்கொண்டே இவர் சொன்னார்: “கழகத்திலை இருந்து ஒரு ஆள் ஞாயிற்றுக்கிழமை வாறாராம். நான் அவையோடை போனிலை கதைச்சனான். உன்ரை விளையாட்டை மட்ச் ஒண்டிலை பாக்கவேணுமாம்.” பெறாமகன் சாப்பிடுவதை நிறுத்தினான். யார், உதவிப் பயிற்றுநரா என்று ஆங்கிலத்தில் கேட்டான். “ஓம், ஓம், அசிஸ்ரன்ற்தான்” என்றார் இவர். அவன் என்னைப் பார்த்தான். எனக்குச் சந்தோசமாக இருந்தது; அது முகத்தில் தெரிந்திருக்கும். முந்திய கிழமை அவனுக்கு வழி காட்டுவதற்கென்று இவர் அந்தக் கழகத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போய் அலுவலகத்தில் கதைத்தவர். அதனால் அவர் கதைத்திருப்பார் என்பதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. அன்றிரவு அவன் இன்னொரு முறை புட்டுப் போட்டுக்கொண்டான். “கோழிப்பண்ணை ஒண்டு வைச்சால்தான் இவனுக்குக் கட்டும்” என்று இவர் முட்டையைப் பொரித்து அவன் தட்டில் வைத்தார்.

ஞாயிறு காலை மண்டபத்துப் பதிவு மேசையில் சண்டை. விதிப்படி பழைய மாணவர் அல்லது அவருடைய மகன் மட்டுமே விளையாடலாம். எங்கள் அத்தான், அதாவது அவனுடைய தகப்பன், படித்தது மற்றப் பள்ளிக்கூடத்தில். “இவன்ரை தேப்பன் எங்கட பள்ளிக்கூடம். பெடியன் எங்களுக்குத்தான் சொந்தம்” என்று மற்றப் பக்கத்துத் தலைவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பெறாமகன் மகனில்லையோ?” என்று இவர் கேட்டார். “நாளைக்கு நான் செத்தால் கொள்ளி வைக்கிறவன் இவன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு நிண்டு சட்டம் கதைக்கிறியளோ?” அதற்குப் பிறகு யார் என்ன சொல்ல முடியும்? அவன் பெயருக்கு எதிரே மகன் என்று எழுதினார்கள். பக்கத்தில் நின்ற அவனுக்குக் கொள்ளி என்ற சொல் மட்டும் விளங்கவில்லை. என்னிடம் குனிந்து கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன்.

பதினொரு மணிபோல வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், நீல நிறக் கோட், மொட்டைத் தலை. இவரே வாசலுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் சங்கத் தலைவருக்குப் பக்கத்தில் இருத்தினார். எங்கள் மண்டபங்களில் முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தால் அவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. யாராவது பெரிய ஆளாகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டு உபசரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நிமிடத்துக்கொருவர் தட்டு நீட்டினார்கள்: ஆட்டிறைச்சி றோல்ஸ், வடை, கேக், பால் விட்ட தேத்தண்ணி. ஒலிவாங்கியில் அவரை வரவேற்றார்கள். பெயர் தெரியாததால் எங்கள் மதிப்புக்குரிய விருந்தினர் என்றார்கள். அந்த வருடம் இறந்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்றபோது அவரும் எழுந்து, கையிலிருந்த றோல்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய நகக்கண்களில் கறுப்பு இருந்தது. எந்தப் பக்கம் பந்து போட்டாலும் கை தட்டினார். இரண்டையும் கவனித்தேன். அவற்றுக்கு ஒரு பொருள் இருக்கும் என்று தோன்றவில்லை.

முதற் பாதியில் பெறாமகன் விளையாடிய விதம் அங்கிருந்த பலருக்குப் பிடிக்கவில்லை. அவன் பந்தை வைத்திருக்கவே இல்லை. வெட்டி ஓடினான், எதிராளியை மறித்து மற்றவருக்கு வழி கொடுத்தான், யாரும் எதிர்பாராத கணத்தில் யாரும் எதிர்பாராத இடத்துக்குப் பந்தை அனுப்பினான். பயிற்றுநர் ஒருவர் பார்க்க விரும்புவது அதைத்தான் என்று அவன் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தான்: பந்து இல்லாதபோது ஒருவன் என்ன செய்கிறான் என்பது. ஆனால் அவன் அனுப்பிய இடத்தில் நின்றவர்கள் எங்கள் கடைக்காரர்களும் கணக்காளர்களும். பந்து அவர்களுடைய நெஞ்சில் பட்டது, கண்ணாடியில் பட்டது, ஒருமுறை முதுகில் பட்டது. “தம்பி, சொல்லிப்போட்டு எறியும்” என்று ஒருவர் கத்தினார். சனம் சிரித்தது. ஒவ்வொரு முறையும் அவன் திரும்பி ஓடும்போது முன்வரிசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். புள்ளிகளில் மற்றப் பள்ளிக்கூடம் முன்னால் நின்றது.

இடைவேளையில் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். இவர் அவன் தோளில் கை போட்டுக் காதோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனபோது கேட்டது கடைசி வசனம் மட்டும்: “அவர் கேக்கிறார், இவனுக்கு ஸ்கோர் பண்ணத் தெரியாதோ எண்டு.” பெறாமகன் போத்தலை வாங்கிக் குடிக்காமலே கீழே வைத்தான்.

இரண்டாம் பாதியில் மண்டபம் எழுந்து நின்றது. ஒரு மனிதன் அவ்வளவு உயரத்துக்கு எழும்புவதை அங்கே பலர் நேரில் கண்டதில்லை. வளையத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கி இறங்கினான். பெண்கள் பகுதியில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மற்றப் பள்ளிக்கூடத்துக்காரர்கூடக் கை தட்டினார்கள். இவர் ஆடுகள எல்லைக் கோட்டுக்கு வெளியே முழந்தாளில் நின்றார். எங்கள் பக்கம் எட்டிப் பிடித்து, முந்தியது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வெற்றி ஏறக்குறைய நிச்சயம். இனி அவன் எழும்பத் தேவையே இல்லை. ஆனால் அவன் வெற்றிக்காக விளையாடவில்லை. வளையத்தில் பட்டு வந்த ஒரு பந்துக்கு எழும்பினான். இறங்கும்போது கீழே ஒரு கால் இருந்தது, வேர்த்துக் களைத்து நகர மறந்து நின்ற ஒரு கணக்காளரின் கால். சத்தம் எனக்குக் கேட்டது. நான் சுவரோரம் நின்றேன், அங்கேயும் கேட்டது.

நிலத்தில் இருந்தபடி அவன் தன் காலைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தான். அங்கே நீலக் கோட்காரர் பின்பக்கம் திரும்பி, யாரோ நீட்டிய இரண்டாவது கேக் துண்டை வாங்கிக்கொண்டிருந்தார்.

அவரிடம் நான்தான் போனேன். இது வெறும் பிசகாக இருக்கும், ஒரு கிழமை அவகாசம் கொடுக்கும்படி கழகத்தில் சொல்லுங்கள் என்று கேட்கப் போனேன். “எந்தக் கழகம்?” என்று அவர் கேட்டார். அவர் குரலில் கள்ளம் இருக்கவில்லை. அவர் என் கணவரின் டிப்போவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா, உங்கள் ஆட்களில் ஒருவர் முன்வரிசையில் இருந்தால் எங்கள் சனத்துக்குப் பெருமை என்று இவர் கூப்பிட்டிருக்கிறார். நகக்கண்களில் இருந்தது பஸ் எண்ணெய். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேக்கைக் கீழே வைத்தார். டிப்போவில் முதலுதவி படித்தவராம். ஓடிப்போய் ஐஸ் கேட்டு வாங்கி, கட்டி, அவனைத் தன் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தார். வழி முழுவதும் என் பெறாமகன் அவர் காதருகே திரும்பத் திரும்ப ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தான்: நாளைக்கு நான் வருவேன், சேர். எனக்கு ஒன்றுமில்லை. நான் கட்டாயம் வருவேன். அந்த மனிதர் அவன் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு அவனிடம், வருவாய், நிச்சயமாக வருவாய் என்றார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு உடையவில்லை என்றார்கள்; தசைநார் கிழிந்திருந்தது. ஊன்றுகோல் கொடுத்து, கால் ஊன்றக்கூடாது என்று அனுப்பினார்கள். கொடுத்த மருந்தில் அவன் வீட்டுக்கு வந்ததும் தூங்கிப்போனான். ஆஸ்பத்திரியிலிருந்து மண்டபத்துக்குத் திரும்பிப் போயிருந்த இவர் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். வென்ற கிண்ணத்தைக் குசினி மேசையில், மீன்கறிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். இவர் மறுக்கவில்லை. “நான் ஆரை ஏமாத்தினனான்? பெடியன் விளையாடினான், சனம் சந்தோசப்பட்டுது. இந்த வருசம் ஒண்டிலாவது வெல்லவேண்டாமோ? கால் பிசகுறது விளையாட்டிலை நடக்கிறதுதானே” என்றார். அவனுக்கு எப்போது சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். “விடிய நானே சொல்லுறன். இப்ப நித்திரை கொள்ளட்டும்.” அது நியாயமாகப் பட்டது. சொல்ல வேண்டியவர் அவர்தான் என்றும் நினைத்தேன். அவனைத் தெரிவுக்குக் காரில் கூட்டிப்போவதற்காகத் திங்கட்கிழமைக்கு லீவு எடுத்திருந்தவர் அவர்.

காலை ஐந்து ஐம்பதுக்குத் தட்டில் அவருடைய வேலைச் சப்பாத்து இல்லை. லீவு நாளில் வேலைக்குப் போய்விட்டார்.

பெறாமகன் திரும்பிப் பார்த்தான். ஊன்றுகோல்களைச் சுவரில் சாத்தியிருந்தான். இறுக்கிக் கட்டினால் நிற்கலாம், சின்னம்மா, என்றான். ஓட முடியாவிட்டாலும் பரவாயில்லை. போய் முகத்தைக் காட்டினால் போதும். நேற்று வந்த மனிதர் தன் விளையாட்டைப் பார்த்தவர். அவர் எடுத்துச் சொல்வார். இடத்தைக் கொஞ்சநாள் பிடித்து வைத்திருப்பார்கள். சொல்லிக்கொண்டே வீங்கிய பாதத்தை அதற்குள் விட்டான். கட்டின் ஓரத்தில் பாதம் நீலமும் மஞ்சளுமாக இருந்தது. முன்பாதம் போனது, குதி போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை தள்ளினான். நான் அவனுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து சப்பாத்தைப் பிடித்துக்கொண்டேன். உதவி செய்கிறேன் என்று நினைத்துக் காலை நீட்டித் தந்தான். நான் அதைக் கழற்றி எடுத்தேன்.

பத்திரிகையில் எழுதுவதுபோல, நடந்ததை நடந்த ஒழுங்கில் சொன்னேன். வந்தவர் யார், எங்கே வேலை செய்கிறார், யார் கூப்பிட்டது, என்ன சொல்லிக் கூப்பிட்டது. இடைவேளையில் சித்தப்பா சொன்னதும் பொய்யா என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன். பிறகு, அவன் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதிலேயே மிக நீளமான தமிழ் வசனத்தைப் பேசினான்.

“சின்னம்மா, உங்களுக்கு முதலே தெரியும்தானே?”

எனக்குத் தெரியாது என்றேன். அந்த மனிதர் சொல்லித்தான் எனக்கும் தெரியும் என்றேன். அவன் கோபப்படவில்லை. தலையை மெல்ல ஆட்டினான், ஒரு சின்னப் பிள்ளை சொல்லும் பொய்யைப் பெரியவர்கள் விட்டுக்கொடுப்பதுபோல. “நீங்கள் எல்லாத்தையும் கவனிப்பியள், சின்னம்மா” என்றான்.

இத்தனை வருடங்களில் அதற்கொரு பதிலை நான் எழுதிப் பார்க்காத மாதமில்லை. நகக்கண்களைக் கண்டேன், கைதட்டலைக் கண்டேன், கேக் துண்டைக் கண்டேன். கண்டவளுக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று அவன் நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. விளங்காமல் போனதன் காரணம் எனக்குத் தெரியும். நான் கவனித்துக்கொண்டிருந்தது வந்தவரை. கூட்டிவந்தவரை அல்ல. பக்கத்தில் படுத்து எழும்பும் மனிதரைச் செய்தியாளரின் கண்ணால் யாரும் பார்ப்பதில்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அது இன்னொரு சாட்டாக இருக்கும்.

எட்டு மணிக்குக் கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அலுவலகப் பெண் மிகவும் பண்பாகக் கதைத்தாள். அந்த இடத்தை அதே கிழமையில் ஓர் அமெரிக்கருக்குக் கொடுத்தார்கள். அக்காவுக்கு எடுத்தபோது, நடந்தது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, வேறு விதமாக. முதல்நாள் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் நின்று இவர் அவளுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். பெடியன்தான் விளையாடப்போறன் என்று அடம்பிடித்தான், நான் எவ்வளவோ தடுத்தனான் என்று சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னேன். அக்கா சொன்னாள்: “நீயும் அங்கைதானே நிண்டனி.”

அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டவர் ஒருவர்தான். மெக்கானிக். ஒரு பிஸ்கட் தகரத்தோடு வாசலில் நின்றார். பெறாமகன் ஊன்றுகோல்களில் எழுந்து வந்து அவருக்குக் கை கொடுத்தான். உங்களில் பிழையில்லை, சேர், என்றான். மேலே அறையில் என் கணவர் இருந்தார். கீழே வரவில்லை. அவன் போகும்வரை இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். “சித்தப்பா, உப்பு” என்று அவன் கேட்டான். இவர் எடுத்துக் கொடுத்தார். வேறு எதையும் அவன் இவரிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கு விளங்கும். அவனை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அப்படித்தான் வளர்த்திருந்தோம்.

விமான நிலையத்துக்கு ஒற்றைச் சப்பாத்தோடு போனான். மற்றக் காலில் ஆஸ்பத்திரியில் போட்ட பெரிய கட்டு. புறப்படும்போது எங்கள் வாசலில் நின்று, கொள்ளி என்றால் என்ன என்று நான் இன்னும் சொல்லவில்லை என்று நினைவுபடுத்தினான். சொன்னேன். கேட்டுவிட்டு, ஓகே என்றான்.

அத்தானுக்குக் கொடுத்த வாக்கின்படி ஒரு வருடம் கணக்கியல் படித்தான். பிறகு அதை விட்டுவிட்டுப் பின்லாந்தில் ஒரு சின்ன ஊர்க் கழகத்தில் சேர்ந்தான். சம்பளத்துக்கு விளையாடினான். அதாவது, போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். எங்கள் வீடு அந்த வழியில் இருக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் லண்டன் ஹீத்ரோவில் விமானம் மாறினான் என்று பின்னால் அக்கா சொல்லி அறிந்தேன். அந்தக் கழகத்தின் இணையப் பக்கத்தில் அவனுடைய படத்தைப் பார்த்தேன். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தான். இடது கணுக்காலில் கறுப்பு உறை போட்டிருந்தான்.

நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். இவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒவ்வொரு ஓகஸ்டிலும் மண்டபத்துக்குப் போகிறார், நான் போவதில்லை. கிண்ணம் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. வருபவர்கள் கேட்டால், எங்கட பெடியன் வென்று தந்தது என்கிறார். அவன் விட்டுப்போன சப்பாத்தைத் தபாலில் அனுப்பட்டுமா என்று நான் கேட்டபோது அக்கா வேண்டாம் என்றாள். அதனால் இடது சப்பாத்து இன்னும் வாசல் தட்டில் இருக்கிறது. அதன் நாடா கடைசித் துளை வரை தளர்த்தியபடியே இருக்கிறது.